ஆர்கனுக்கும் குளிருமென்று

கைபேசியில் பச்சை எரிந்தால் சுருதி சரி, சிவப்பு எரிந்தால் தப்பு. இப்போதெல்லாம் சுருதி சேர்க்கிற வேலை இப்படித்தான் நடக்கிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அறுபதைத் தாண்டிய என் காதுகளுக்கு அந்தப் பச்சையைக் குறை சொல்ல யோக்கியதை கிடையாது. போன மாதம் கோயம்புத்தூரில், சர்ச்சுகளில் இசைக்கருவி பழுது பார்க்கிற நாலைந்து பேர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்க சர்வீஸ்லயே கஷ்டமான வேலை எதுங்க?" என்று கேட்டார்கள். "பள்ளிவாசல்னு மலையில ஒரு ஊரு, அதுக்கு மேல ஒரு எஸ்டேட் சர்ச்சுல, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் டூல்ஸ் பையத் தொறக்காம உக்காந்திருந்தேனுங்க. அதுதான்" என்றேன். ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பைப் ஆர்கனுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தவன். எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளங்கவைக்க என்னால் முடிந்ததில்லை. ஒரு சுவர் முழுக்க நிற்கிற கருவி அது. பென்சில் அளவில் தொடங்கி, ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன் வரைக்கும் நூற்றுக்கணக்கான குழல்கள். கீழே ஒரு மோட்டார் காற்றை ஊதி ஒரு பெட்டியில் நிரப்பும். கட்டையை அழுத்தினால் அந்தக் கட்டைக்குரிய குழலுக்குள் காற்று போகும், அது பாடும். ஆர்மோனியத்தைப் பார்த்தவர்களுக்குப் பாதி புரியும். மீதிப் பாதிக்கு, மலையேறி வந்து நேரில் கேட்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் பூமி. கடலையும் தென்னையும். பஜனைக்கு நான் வாசித்த ஆர்மோனியம் இருமத் தொடங்கியது. அதைக் கோயம்புத்தூரில் ஞானமுத்து மாஸ்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அதைப் பிரித்துப் போட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் கடைசி பஸ் போய்விட்டது. அடுத்த வாரம் ஆர்மோனியம் இல்லாமலே போனேன். அதற்கடுத்த வாரம் என் அப்பாவே கிளம்பிப் போய், "ஏனுங்க மாஸ்டரு, எங்க பையன மாத்தி வேதத்துல சேத்திருவீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். மாஸ்டர் தலை நிமிரவில்லை. "அவன் கை ஒழுங்கா இருந்தா எனக்குப் போதும். சாமி அவன் பாடு" என்றார். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஆறுச்சாமி என்ற பெயரோடே நான் தமிழ்நாடு, கேரளம் என்று எல்லா சர்ச்சுகளின் வயிற்றுக்குள்ளும் புகுந்து புறப்பட்டேன். கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. நிறையத் தூசி தின்றேன்.

மாஸ்டர் வேலை செய்கிற விதத்தைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்காரர். கழுத்துப் பட்டன்வரை போட்ட வெள்ளைச் சட்டை, குழல்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்போதும் அதேதான். ஒரு சர்ச்சுக்குப் போய் இறங்கினால், வந்தவர் உடனே பையைத் திறப்பார் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்க்கில் இருந்து கடுங்காப்பி ஊற்றிக் குடிப்பார். சர்ச்சைக் கூட்டித் திறந்து மூடுகிற கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு, "நேத்து இங்க கல்யாணம் உண்டுமா? கதவு எம்புட்டு நேரம் தொறந்து கெடந்தது?" என்று விசாரிப்பார். பிறகு ஒரு தெர்மாமீட்டரை எடுத்து ஆர்கனுக்குள் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்வார். பாதிரியாருக்குப் பொறுமை போகும். எனக்கும்தான்.

அந்தத் தெர்மாமீட்டரில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. காற்று சூடானால் குழலின் சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். கட்டடம் முழுவதும் ஒரே மாதிரி ஏறினால் பாதகம் இல்லை, எல்லாக் குழலும் சேர்ந்தே ஏறும். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் என்று ஆனால்தான் வம்பு. ஒரே கருவி தன்னோடு தானே சண்டை போடும்.

வேலை தொடங்கினால் நான் வெளியே கட்டையைப் பிடிப்பேன், அவர் உள்ளே இருப்பார். கத்த மாட்டார். மரத்தில் ஒரு தட்டு தட்டினால் அடுத்த கட்டை. இரண்டு தட்டு என்றால் அப்படியே பிடி. என்னை உள்ளே விட்ட முதல் நாளிலேயே, சாய்ந்திருந்த ஒரு சின்னக் குழலை நான் வெறுங்கையால் நிமிர்த்திவிட்டேன். மாஸ்டர் சாமான்களைக் கீழே வைத்துவிட்டு, "வா, வெளிய போவோம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "ஒன் கைச்சூடு அதுல ஏறிட்டுல்லா. இனி அது பேசுறதெல்லாம் பொய். அது ஆறட்டும், ஒனக்கும் கொஞ்சம் ஆறட்டும்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

இன்னொரு தடவை மலையில் ஒரு சர்ச்சுக்குப் போனோம். யாரோ ஒரு கல்யாணத்துக்காக, கோடைச் சூட்டில் அவசர அவசரமாகச் சுருதியைத் திருத்திவிட்டுப் போயிருந்தார்கள். மழைக்காலம் வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சின்னக் குழல்களின் வாயைப் பித்தளைக் கூம்பால் அழுத்தி விரித்தோ சுருக்கியோதான் சுருதி மாற்றுவது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகடு. இரண்டு மூன்று முறை தாங்கும், பிறகு கிழியும். அங்கே வரிசையாகக் கிழிந்து கிடந்தன. மாஸ்டர் கிழிந்த குழல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார். அவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "சூட்டுல தொடாத டே. காத்திரு. ஒண்ணும் செய்யாம இருக்கதுக்கும் சேத்துத்தான் நமக்குக் கூலி" என்றார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

இனி அந்தப் பள்ளிவாசல் சங்கதி. நான் ஓய்வு பெற்று, தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்த சமயம். ஜெயசீலி போன் செய்தாள். அந்த எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்து, அந்த சர்ச் ஆர்கனிலேயே வாசிக்கப் பழகி, பிறகு வெளிநாடு போய் இசை படித்து, இப்போது சென்னையில் சொல்லிக்கொடுக்கிற பெண். அவள் பழகின காலத்தில் இருந்தே எனக்குத் தெரியும். ஆர்கனுக்கும் ஒரு சிறிய இசைக்குழுவுக்குமாகக் கன்செர்ட்டோ ஒன்று எழுதியிருந்தாள். ஆர்கன் ஒன்று சொல்லும், வயலின்களும் மற்றவையும் அதற்குப் பதில் சொல்லும், சில இடங்களில் வாக்குவாதமே நடக்கும். வெளிநாட்டில் ஒரு தடவை வாசித்தாகிவிட்டது. இப்போது அதைத் தன் சொந்த சர்ச்சில் வாசிக்க ஏற்பாடு. "ஆர்கனை நீங்கதான் பாத்துத் தரணும் ஐயா" என்றாள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

கச்சேரிக்கு முந்தின நாளே உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக ஏறிப் போய், குளிரில் பல் கிட்டிக்க வேலையை முடித்தேன். ஆர்கனில் இரண்டு அடுக்குக் கட்டைகள். கீழ் அடுக்குக்குரிய குழல்கள் கீழே, மேல் அடுக்குக்குரியவை உயரத்தில் ஒரு மரப்பெட்டிக்குள். இரண்டிலும் ஒரே ஸ்வரத்தைச் சேர்த்து அழுத்தினால் ஒரே குரலாக வந்தது. நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஒத்திகைக்கு சர்ச்சுக்குள் கால் வைத்ததும் என் கண்ணாடியில் ஆவி படிந்தது. வெளியே பனிமூட்டம், உள்ளே சித்திரை மாதம். துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் சுவர் ஓரமெல்லாம் ரூம் ஹீட்டர்கள் சிவந்து எரிகின்றன. எதிரே மலர்ந்த முகத்தோடு தங்கராஜ் வருகிறார். தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச் கமிட்டிச் செயலாளர்.

"இதென்னங்க, இத்தன சூடு?"

"ராத்திரியே போட்டாச்சு சார். பங்களா, கெஸ்ட் ஹவுஸ், டாக்டர் வீடு, ஒண்ணையும் விடல. இருந்த ஹீட்டரை எல்லாம் இரவல் வாங்கிட்டு வந்துட்டோம். கீழ இருந்து வர்றவுகளுக்குக் கை விறைச்சிரும்லா?"

நான் ஆர்கன் பக்கம் திரும்பினேன். "ஆர்கனுக்குப் பக்கத்துலயும் வெச்சீங்களா?"

"நல்ல ஹீட்டரா பாத்து அதுக்குள்ளயே வச்சோம் சார். வருசம் பூரா அதுவும் குளுருலயே கெடக்குதே, பாவம்."

நல்ல மனசைத் திட்ட எனக்குத் தெரியவில்லை. உள்ளே ஏறிப் பார்த்தேன். சூடு முழுவதும் மேலே போய் அந்த மரப்பெட்டிக்குள் அடைந்து கிடந்தது. கீழே கல் தரையை ஒட்டி நிற்கிற குழல்கள் மட்டும் ஓரளவு குளிர்ச்சியாகவே இருந்தன. ஜெயசீலியை வாசிக்கச் சொன்னேன். இரண்டு அடுக்கிலும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்தாள். ஓங் ஓங் ஓங் என்று வேகவேகமாக அடித்துக்கொண்டது. சுருதி சேராத இரண்டு குழல்கள் அப்படித்தான் அடித்துக்கொள்ளும், எவ்வளவு விலகலோ அவ்வளவு வேகம்.

குழுவை நடத்தவந்த வயலின்காரர் ராமநாதன், கல்பாத்திக்காரர், வில்லைத் தாழ்த்திவிட்டு என்னிடம் வந்தார். "ஓய், இது என்னவாக்கும்? அவ ஒரே ஸ்வரத்தத்தானே பிடிக்கறா, நேக்கு ரெண்டு கேக்கறதே. நான் எதோட சேந்துக்கறது?" நியாயமான கேள்வி. ஆர்கன் மொத்தமாக ஏறியிருந்தால் வயலின்களை அதற்கு ஏற்றிக்கொள்ளலாம். அதுவே இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது யாரும் எதுவும் செய்ய முடியாது. சாயங்காலம் கச்சேரி. அது முடிந்த கையோடு எல்லோரும் வேன் ஏற வேண்டும், அடுத்த நாள் அவர்களுக்கு வேறு ஊரில் வாசிப்பு இருந்தது. இன்றைக்கு விட்டால் மறுபடி இத்தனை பேரை மலையேற்ற யாராலும் முடியாது.

"வாலிபர் சங்கத்துக் கீபோர்டு இருக்கு" என்றார் தங்கராஜ், குரல் உள்ளே போய்விட்டது. ராமநாதன் தலையாட்டினார். "அதுல வாசிச்சுடலாம். ஜனங்க வந்துட்டா என்ன பண்றது?"

ஜெயசீலி கட்டையில் இருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "அதுல வேண்டாம் சார். தொடக்கத்துல ஆர்கன் தனியா ஒரு கீழ் ஸ்வரம் பிடிக்கும். அது கீபோர்டு ஸ்பீக்கர்ல வராது. வெளிநாட்டுல வாசிச்சதை அம்மாவுக்குப் போன்ல போட்டுக் காட்டினேன். நல்லாருக்கு சீலின்னு சொன்னாங்க. போன்ல அந்த இடத்துல வெறும் இரைச்சல்தான் வந்திருக்கும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்காகத்தான் நான் இங்க வந்தது." அவளுடைய அம்மா பாக்கியம் தேயிலை கிள்ளி ஓய்வு பெற்றவர். அப்போதே வந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாசலில் எல்லோருக்கும் இட்லிப் பாத்திரத்தோடு நின்றிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, மேல உள்ளதைக் கீழ உள்ளதோட இப்பவே சேத்துற முடியுமா?"

முடியும். அதுதான் சிக்கல். கூம்பை எடுத்துக்கொண்டு ஏறினால் மத்தியானத்துக்குள் சேர்த்துவிடலாம். ஆனால் கச்சேரி முடிந்து ஹீட்டர்களை அணைத்தால், ஆறும்போது எல்லாம் எதிர்ப்பக்கம் போய்விடும். மறுபடி திருத்தினால் அந்தப் பழைய தகடு தாங்காது. இதை அப்படியே சொன்னேன். "காத்திருந்தா அதுவே எறங்கி வந்துருமுன்னு நெனைக்கறேனுங்க அம்மிணி. சாயங்காலத்துக்குள்ள வருமான்னு சத்தியம் பண்ண என்னால முடியாது." பையின் பிடியை இறுக்கிக்கொண்டேன். அவள் கட்டைகளில் இருந்து கையை எடுத்தாள். "காத்திருப்போம் ஐயா" என்றாள்.

ஹீட்டர்களை அணைத்தோம். ஆனால் அடைந்த சூடு போக வேண்டுமே. மரப்பெட்டியின் பலகைகளைத் திறந்துவிட்டேன், அதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை. மூலையில் குன்றிப் போய் நின்றிருந்த தங்கராஜ்தான் மெல்ல வந்து மேலே அண்ணாந்து பார்த்தார். "சார், எங்க ஃபேக்டரியில இலை வாட்டுற மாடியில சூடு மேல கட்டிக்கிட்டா, கூரை ஓரத்து ஜன்னலத் தொறந்துட்டு பள்ளத்துப் பக்கம் கீழ்க்கதவைத் தொறப்போம். குளுரு கீழ வரும், சூடு மேலால போயிரும். ஃபேன் போடக்கூடாது, போட்டா கலக்கி விட்டுரும். இங்கயும் அதே மாதிரி செய்யட்டா?" இலையை ஆயுள் முழுக்க வாட்டினவருக்குக் காற்றின் போக்கு தெரியாமலா இருக்கும். ஏணி வந்தது. பல வருஷமாகத் திறக்காத ஜன்னல்களைத் தட்டித் தட்டித் திறந்தார். பக்கத்துக் கதவு திறந்ததும் பனி தரையோடு தரையாக உள்ளே வந்து என் கணுக்காலைத் தொட்டது. அந்தக் குளிர் எனக்கு அவ்வளவு பிடித்தது.

ராமநாதன் குழுவோடு பக்கத்து ஓய்வுநாள் பள்ளி அறைக்குப் போய், ஹீட்டர்களை அங்கே வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். ஜெயசீலி ஆர்கனிலேயே இருந்தாள். ஊதுமோட்டார் வெளிக்காற்றைத்தான் இழுக்கும், குழல்களுக்குள் குளிர்ந்த காற்று போகட்டும் என்று கை நிறையக் கட்டைகளைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இடையிடையே நிறுத்தி, இரண்டு அடுக்கிலும் அந்த ஒற்றை ஸ்வரம். நான் கடைசி பெஞ்சில். ஓங் ஓங் ஓங். கொஞ்சம் வேகம் குறைந்தது மாதிரி இருந்தது. எனக்கு வேண்டியதைத்தான் என் காது கேட்கிறதோ என்று சந்தேகமாகவும் இருந்தது.

உச்சிப்பொழுதில் மூட்டம் விலகித் தகரக் கூரையில் வெயில் அடித்தது. மலையில் வெயில் வந்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். நான் சபித்தேன். அடிப்பின் வேகம் குறையாமல் அப்படியே நின்றுவிட்டது. பையைத் திறந்துவிடலாமா என்று அப்போதுதான் உண்மையாகவே கை பரபரத்தது. நாலைந்து குழலை மட்டும், லேசாக. மாஸ்டர் பக்கத்தில் இல்லை, கேட்பாரும் இல்லை. எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். பாக்கியம் அம்மா ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்து வைத்து, "ஏதாச்சும் ஆவுமாய்யா?" என்று கேட்டார். "ஆகுமுங்க" என்றேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

பிறகு பள்ளத்தில் இருந்து மூட்டம் திரும்ப ஏறி வந்தது. கூரை டிக் டிக் என்று சத்தம் போட்டு ஆறியது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உள்ளே விட்டால் அத்தனை உடம்பின் சூடும் சேரும். தங்கராஜ் வாசலில் நின்று, "தப்பு என்னுதுதான், கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. ஆர்கன் ஆறட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் முணுமுணுக்கவில்லை. கம்பளியும் ஸ்வெட்டருமாக முற்றத்தில் நின்றார்கள். ஆர்கன் ஆறுவதற்காகக் காத்திருக்கிறோம் என்று வந்தவர்களுக்கெல்லாம் அவர்களே விளக்கிச் சொன்னார்கள்.

ராமநாதன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெயசீலி ஸ்வரத்தைப் பிடித்தாள். ஓ...ங். நீண்ட இடைவெளி. ஓ...ங். இன்னும் நீண்டது. அப்புறம் அடிப்பே இல்லை. ஒரே குரல், நேராக நின்றது. நான் ராமநாதனைப் பார்த்தேன், என் காதை நம்பாமல். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "சேந்துடுத்து ஓய்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு நேரமும் எவ்வளவு பயந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தங்கராஜ் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கதவுகளைத் திறந்தே வைத்துக் கச்சேரி நடந்தது. வாசிப்பவர்கள் விரல் நுனி வெட்டிய கையுறையோடு, கேட்பவர்கள் போர்த்திக்கொண்டு. முதலில் ஆர்கன் தனியாக அந்தக் கீழ் ஸ்வரத்தைப் பிடித்தது. காதுக்கு முன்னால் பெஞ்சுக்குத்தான் கேட்டது, பலகை அதிர்ந்தது. அதன்மேல் வயலின்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. நடுவில் இரண்டு பக்கமும் சண்டை போட்டன, சமாதானம் ஆகின, எனக்குப் புரியாத இடங்களும் நிறைய இருந்தன. கூட்டத்தின் சூட்டில் கடைசிப் பகுதியில் ஆர்கன் ஒரு மயிரிழை ஏறியது. ராமநாதனின் ஆட்கள் விரலைச் சற்று நகர்த்தி அதோடே ஏறிக்கொண்டார்கள். அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். எனக்கு உடம்பு முழுக்க லேசாக இருந்தது.

வேன் புறப்படுவதற்கு முன் முற்றத்தில் எல்லோரும் பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தோம். பாக்கியம் அம்மா மகளின் இரண்டு கைகளையும் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கை ஐஸா இருக்கே சீலி." பிறகு கேட்டார், "மொதல்ல வந்துச்சே, தரையெல்லாம் அதிர்ற மாதிரி. அது நம்ம ஃபேக்டரி சங்குதான?"

"ஆமாம்மா."

"அதான பாத்தேன். முப்பது வருசமா அந்தச் சத்தம் கேட்டா எந்திரிச்சு வேலைக்கு ஓடுனவ நான். இன்னிக்கும் காலு எந்திரிக்கத்தான் பாத்துச்சு. அப்புறம் நெனச்சேன், ஊதுறது நம்ம புள்ளதான, நான் எதுக்கு ஓடணும்னு. உக்காந்தே கேட்டேன்."